கணினியில் நாவல் எழுதும் நண்பர்களே, அழிப்பதற்கு முன்

கணினியில் கதையும் நாவலும் எழுதுகிறவர்களுக்கு, குறிப்பாக ஸ்க்ரிவனரிலும் அதைப் போன்ற எழுத்து மென்பொருள்களிலும் எழுதுகிற நண்பர்களுக்கு,



எழுதியதைச் சேமித்து வையுங்கள் என்று உங்களிடம் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அழிப்பது எப்படி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சேமிக்கத் தெரியாமல் எழுத்தை இழந்தவர்களைவிட, அழிக்கத் தெரியாமல் இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதனால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் டெலிட் பொத்தானைத் தேடும் நேரங்களை நினைத்துப் பாருங்கள். புத்தகம் அச்சாகி வந்தாயிற்று, இனி இந்தப் புராஜெக்ட் எதற்கு என்று தோன்றும். பல வருடமாக நான்காம் அத்தியாயத்தைத் தாண்டாத நாவலின் பெயரை, கணினியைத் திறக்கும்போதெல்லாம் பார்ப்பது வேதனையாக இருக்கும். சி டிரைவ் சிவப்பாகி இடமில்லை என்று எச்சரிக்கும். லேப்டாப்பை விற்கவோ மகளின் படிப்புக்குக் கொடுக்கவோ வேண்டியிருக்கும். எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் ஒவ்வொன்றும் அவசரத்தோடோ சலிப்போடோ வருகிறது. ஒரு சொல்லை மாற்றுவதற்கு அரை நாள் யோசிக்கிற நீங்கள், ஆயிரக்கணக்கான சொற்களை அழிக்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு உங்கள்மீது இருக்கும் மனக்குறை இதுதான்.

அழிக்கவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. எழுதியவருக்கு அழிக்கவும் உரிமை உண்டு. அந்த உரிமையை நீங்கள் தெரிந்து பயன்படுத்த வேண்டும். கை தவறி நடந்ததையும் இட நெருக்கடியில் நடந்ததையும் உங்கள் முடிவு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

முதலில், எதை அழிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்க்ரிவனர் புராஜெக்ட் என்பது ஒரு கோப்பு என்றே உங்களில் பலர் நம்புகிறீர்கள். மேக் கணினியில் அது ஒரே கோப்பாகக் காட்சி தருவதால் அந்த நம்பிக்கைக்குக் குந்தகம் வருவதில்லை. விண்டோஸில் அது ஒரு ஃபோல்டர் என்பது கண்ணுக்குத் தெரியும். பெயரின் கடைசியில் ‘ஸ்க்ரிவ்’ என்றிருக்கும். அதைத் திறந்தால் உள்ளே ‘ஸ்க்ரிவ்எக்ஸ்’ என்று முடியும் ஒரு கோப்பும் வேறு சில ஃபோல்டர்களும் இருக்கும். அந்த ஸ்க்ரிவ்எக்ஸ் கோப்பில் இருப்பது உங்கள் நாவலின் வரிசை, அவ்வளவுதான்: எந்த அத்தியாயம் முதலில், எந்தக் காட்சி எதற்குள் என்பது. நீங்கள் எழுதிய வாக்கியங்கள் அங்கே இல்லை. அவை ‘ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள், ‘டேட்டா’ என்ற இன்னொன்றுக்குள், எண்ணும் எழுத்துமாக நீளும் பெயர்கொண்ட தனித்தனி ஃபோல்டர்களில் ஆர்டிஎஃப் கோப்புகளாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு ஃபோல்டர். ஆனால் எல்லாவற்றிலும் உள்ள கோப்பின் பெயர் ஒன்றேதான்: ‘கன்டென்ட்’.

இது தெரியாததால் நடப்பவற்றைக் கேளுங்கள். ஸ்க்ரிவ்எக்ஸ் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, நாவல் பத்திரமாகிவிட்டது என்று மூல ஃபோல்டரை அழித்துவிடுகிறார்கள். பென் டிரைவில் மிஞ்சுவது நாவலின் பொருளடக்கம். இன்னும் சிலர் ஃபோல்டரைத் திறந்து, ஒரே பெயரில் நூறு கோப்புகள் இருப்பதைக் கண்டு, ஏதோ கோளாறால் பெருகிய நகல்கள் என்று எண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குகிறார்கள். புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நேரடியாகக் கை வைக்காதீர்கள். வைத்துக்கொள்வதானாலும் அழிப்பதானாலும் முழு ஃபோல்டரும் சேர்ந்தே போக வேண்டும்.

அடுத்தது, எங்கிருந்து அழிக்கிறீர்கள் என்பது. ஸ்க்ரிவனருக்குள் புராஜெக்ட்டை அழிக்கும் கட்டளை கிடையாது. சமீபத்தில் திறந்தவற்றின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கினால் பெயர்தான் போகும். புராஜெக்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். இடது பக்கப் பட்டியலில் உள்ள குப்பைத்தொட்டி வேறு வகை. அந்தப் புராஜெக்ட்டுக்குள் நீங்கள் நீக்கிய காட்சிகள் அதில் கிடக்கும், நீங்களே காலிசெய்யும்வரை போகாது. காலிசெய்துவிட்டால் கணினியின் ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை. நீக்கியது அங்கே இருக்கும் என்று நம்பித் துணிச்சலாகக் காலிசெய்தவர்களின் ஏமாற்றத்தை நான் கேட்டிருக்கிறேன். அதற்கு ஆறுதல் சொல்ல வார்த்தை இல்லை.

முழுப் புராஜெக்ட்டை அழிக்க வேண்டுமென்றால் ஸ்க்ரிவனரை மூடிவிட்டு, விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரிலோ மேக்கில் ஃபைண்டரிலோ அந்த ஃபோல்டரைக் கண்டுபிடித்து அங்கிருந்து அழியுங்கள். மூடிவிட்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் தட்டச்சை நிறுத்திய சில விநாடிகளில் அந்த மென்பொருள் தானாகவே சேமித்துவிடும். திறந்திருக்கும் புராஜெக்ட்டை வெளியே இருந்து அழித்தால் பாதி போய்ப் பாதி நிற்கும், பிறகு எது உண்மையான பிரதி என்று உங்களுக்கே தெரியாமல் போகும். இன்னொன்று: பென் டிரைவில் உள்ளதை விண்டோஸில் அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. ஷிஃப்ட் விசையோடு சேர்த்து டெலிட்டை அழுத்தினாலும் அப்படித்தான்.

இனி நகல்களைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் தைரியமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஸ்க்ரிவனர் ஒவ்வொரு முறை புராஜெக்ட்டை மூடும்போதும் தானாக ஒரு பேக்கப் எடுத்து வைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் பேக்கப்புகளை வைத்திருக்கும். புதியது வந்தால் பழையது போய்விடும். பத்து அத்தியாயம் காணவில்லை என்று தெரிந்த பதற்றத்தில் நீங்கள் புராஜெக்ட்டைத் திறந்து பார்க்கிறீர்கள், மூடுகிறீர்கள், மறுபடி திறக்கிறீர்கள். ஒவ்வொரு முறை மூடும்போதும் சிதைந்த பிரதிக்கு ஒரு பேக்கப் உண்டாகி, நல்ல பேக்கப் ஒன்றை வெளியே தள்ளுகிறது. காணாமல் போனதை மீட்டுத் தரக்கூடிய நகலை இப்படி உங்கள் கையாலேயே அழித்துவிடுகிறீர்கள். ஏதாவது தொலைந்தது என்று தோன்றிய கணத்தில் எதையும் திறக்காதீர்கள். முதலில் பேக்கப் ஃபோல்டரை அப்படியே வேறோர் இடத்துக்கு நகல் எடுங்கள். தேடுவதையெல்லாம் பிறகு செய்யலாம்.

அந்த பேக்கப் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? விண்டோஸில், நீங்கள் மாற்றி வைக்காதவரை, அது சி டிரைவில் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் கணினியைச் சரிசெய்யக் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். “சி டிரைவை ஃபார்மட் போட்டுடுறேன் சார், டி டிரைவ்ல இருக்கிறது அப்படியே இருக்கும்.” நீங்களும் டெஸ்க்டாப்பில் இருப்பதை டி டிரைவுக்கு மாற்றிவிட்டுத் தலையாட்டுகிறீர்கள். மாற்றியதில் ஒரு பிழை நேர்ந்திருந்தால் பேக்கப் காப்பாற்றும் என்று நினைக்கிறீர்கள். பேக்கப் இருந்ததே சி டிரைவில்தான். கடைக்காரர் செய்ததில் தவறில்லை, அவருக்கு அது தெரிய வாய்ப்பும் இல்லை. இன்றைக்கே ஸ்க்ரிவனரின் அமைப்புகளுக்குள் போய், பேக்கப் சேரும் இடத்தை வேறு டிரைவுக்கோ வெளி ஹார்ட் டிஸ்க்குக்கோ மாற்றுங்கள்.

மூலமும் நகலும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1922 டிசம்பரில் எழுத்தாளர் ஹெமிங்வேயின் மனைவி ஹாட்லி, கணவர் அதுவரை எழுதியவற்றை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பினார். பாரிஸிலேயே உள்ள ‘கார் து லியோன்’ ரயில் நிலையத்தில் பெட்டி திருடுபோனது. கைப்பிரதிகளோடு கார்பன் நகல்களையும் அவர் அதே பெட்டியில்தான் வைத்திருந்தார். பிழைத்த கதைகளில் ஒன்று மேஜை இழுப்பறையில் கிடந்தது, மற்றொன்று ஒரு பத்திரிகையின் பரிசீலனையில் இருந்தது. வேறோர் இடத்தில் இருந்ததால்தான் அவை தப்பின. நகல் எத்தனை இருக்கிறது என்று உங்களைக் கேட்டால் எண்ணிக்கை சொல்கிறீர்கள். அவை எத்தனை இடங்களில் இருக்கின்றன என்றுதான் கேட்க வேண்டும்.

இன்னொரு சம்பவம் 1998இல் நடந்தது. பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் வரிசையாக அழியத் தொடங்கின. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அது சரியாக வேலைசெய்யவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. படத்தைக் காப்பாற்றியது அதுதான். அத்தனை பெரிய நிறுவனமே திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி ஏமாந்தது. ஸ்க்ரிவனர் எடுத்து வைத்த பேக்கப் ஜிப் கோப்பை ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா?

டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், ஐகிளவுட் என்று பயன்படுத்துகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இவை பேக்கப் என்று நினைக்காதீர்கள். இவை எல்லாக் கருவிகளிலும் ஒன்றையே காட்டும் ஏற்பாடுகள். வீட்டுக் கணினியில் அழித்தால் அலுவலகக் கணினியிலும் கைபேசியிலும் சேர்ந்தே அழியும். டிராப்பாக்ஸ் ஃபோல்டரிலிருந்து ஒரு புராஜெக்ட்டை இழுத்து வெளியே போட்டாலும் மற்றக் கருவிகளுக்கு அது அழித்ததாகத்தான் அர்த்தம். இருவர் சேர்ந்து மொழிபெயர்க்கும் ஃபோல்டராக இருந்தால் உங்களுடைய சுத்தம் செய்யும் ஆர்வத்தில் அடுத்தவரின் உழைப்பும் போகும். இந்தச் சேவைகளின் சாதாரணக் கணக்குகளில் அழித்ததை மீட்கப் பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு. அந்த 30 நாளுக்குள் நீங்கள் கவனித்தால் சரி. நாவலாசிரியர்கள் ஒரு புராஜெக்ட்டைத் தொடாமலே ஆறு மாதம் இருப்பவர்கள், அதனால் இந்த அவகாசம் நம் தொழிலுக்குப் போதாது.

கூகுள் டாக்ஸில் எழுதுகிறவர்களுக்கு ஆபத்து வேறு விதமாக வருகிறது. உங்கள் கணினியின் கூகுள் டிரைவ் ஃபோல்டரில் தெரியும் அந்தச் சிறிய கோப்பில் உங்கள் எழுத்து இல்லை. அது இணையத்தில் உள்ள ஆவணத்துக்கு வழிகாட்டும் சுட்டி. அதைப் பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டு ஆவணத்தை அழித்தால் கையில் மிஞ்சுவது வழி மட்டும். தவிர, இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் கொண்டுவந்திருக்கிறது. முதுமையிலோ நோயிலோ கணினிப் பக்கம் போகாத மூத்த எழுத்தாளர்களின் பிள்ளைகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அழிக்கும் முன் ஒரு பிரதியை வெளியே எடுத்துவிட்டேன் என்று சொல்கிறவர்களிடமும் எனக்குக் கேள்வி இருக்கிறது: என்ன வடிவில் எடுத்தீர்கள்?

பெரும்பாலும் பிடிஎஃப் என்று பதில் வருகிறது. தமிழுக்கு அது போதாது. பிடிஎஃப்பில் பக்கம் அழகாகத் தெரியும். அதிலிருந்து எழுத்தை நகல் எடுத்து ஒட்டிப் பாருங்கள். எகரக் கொம்பும் ஏகாரக் கொம்பும் இடம் மாறும், ஐகாரம் தனியே நிற்கும், சில எழுத்துகள் கட்டமாகிவிடும். பத்து வருடம் கழித்து மறுபதிப்புக்கு ஒரு பதிப்பகம் கேட்டால், கணினியில் உங்கள் நாவல் இருந்தும் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். பிடிஎஃப்போடு வேர்ட் கோப்பு ஒன்றும் வெற்று எழுத்துக் கோப்பு ஒன்றும் கட்டாயம் எடுங்கள். வெற்று எழுத்தாகச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய நோட்பேடில் ஆன்சி என்ற வடிவில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். அந்தக் கேள்விக்குறிகளை மறுபடி எழுத்தாக்க எந்த மென்பொருளாலும் ஆகாது.

ஸ்க்ரிவனரில் ‘கம்பைல்’ கொடுத்துப் பிரதி எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பைல் செய்யும்போது வெளியே வருவது வரைவு ஃபோல்டரில் உள்ளவை மட்டும், அதிலும் சேர்க்கலாம் என்று குறியிட்டவை மட்டும். பாத்திரங்களைப் பற்றிய குறிப்புகள், எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒதுக்கிய காட்சிகள், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய தகவல்கள், ஸ்னாப்ஷாட்டாக வைத்திருக்கும் முந்தைய வடிவங்கள் எதுவும் வராது. அவற்றைத் தனியே ‘எக்ஸ்போர்ட்’ செய்ய வேண்டும். நாவல் கையில் இருக்கிறது என்ற நிம்மதியில் புராஜெக்ட்டை அழித்துவிட்டு, அடுத்த நாவலுக்காகச் சேர்த்த கள ஆய்வுக் குறிப்புகளும் அதோடு போயின என்று பிறகு தெரிந்து வருந்துவதைத் தவிர்க்கலாம்.

ஒரு பத்தியைப் பழைய கோப்புகளுக்காக ஒதுக்குகிறேன். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் எழுதியவற்றை இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த வரிகளாகத் தெரிகின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவுசெய்து அழிக்கிறீர்கள். அது கெடவில்லை. பாமினி, டிஸ்கி, டாப் போன்ற முறைகளில் தட்டச்சு செய்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பி வரும். நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகத் தந்த என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும். யூனிகோடை அரசுத் தரமாகத் தமிழ்நாடு ஏற்றதே 2010இல்தான். அதற்கு முந்தைய ஒரு தலைமுறையின் கணினி எழுத்தில் பெரும்பகுதி இந்தக் கோலத்தில்தான் கிடக்கிறது. ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினியில் எழுதிக் குவித்த சிற்றிதழ்க்காரர்களே, உங்கள் சிடிக்களையும் பழைய ஹார்ட் டிஸ்க்குகளையும் தயவுசெய்து குப்பைக்குப் போடாதீர்கள்.

இடமில்லை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் ஆகிறது. ஒரு லட்சம் சொற்கள் உள்ள பெரிய நாவல் வெற்று எழுத்தாக ஏறத்தாழ மூன்று எம்பிக்குள் அடங்கிவிடும். உங்கள் கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படம் அந்த அளவு இருக்கும். புராஜெக்ட் பெரிதாவது எழுத்தால் அல்ல. ஆராய்ச்சி ஃபோல்டரில் நீங்கள் இழுத்துப் போட்ட பிடிஎஃப்களும் படங்களும் ஒலிப்பதிவுகளும்தான் காரணம். இடம் வேண்டுமென்றால் அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். திருமண வீடியோக்களுக்கு இடம் செய்வதற்காக நாவலை அழிக்கிற வீடுகளில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

புத்தகம் வந்துவிட்டதே, வரைவுகள் எதற்கு என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி 2000இல் செம்பதிப்பு கொண்டுவந்தபோது, பத்திரிகைகளில் வந்த வடிவங்களைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தார். அச்சில் இருந்ததால் அது முடிந்தது. உங்கள் நாவலின் முதல் வடிவம் எந்த அச்சிலும் இல்லை. அது உங்கள் கணினியில் மட்டும் இருக்கிறது. சல்மான் ருஷ்டியின் பழைய மேக் கணினிகளை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் வாங்கி, அவர் பயன்படுத்தியபடியே திறந்து பார்க்கும் வசதியோடு 2010இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. நம் எழுத்தாளர்களின் கணினிகளை அப்படி வாங்கி வைக்கும் நிறுவனம் இன்று இருக்கிறதோ இல்லையோ, நாளை வரலாம். அது வரும்போது கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும்.

இதுவரை இழந்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறவர்களோடு பேசினேன். மிஞ்சிவிடக் கூடாது என்று அஞ்சுகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் கணினியில், வீட்டைப் பற்றியே எழுதும் பெண்கள். தன்னிடம் நம்பிச் சொன்னவரின் வாழ்க்கையைக் கதையாக்கத் தொடங்கி, வேண்டாம் என்று மனம் மாறியவர்கள். தன்வரலாற்றில் பிறர் பெயர்களை எழுதிவிட்டவர்கள். இவர்களுக்கு அழிப்பது ஒரு தேவை, பல சமயம் பாதுகாப்புக்கே தேவை. ஆனால் அவர்கள்தான் அரைகுறையாக அழித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது என்னை மிகவும் வருத்துகிறது.

தோழிகளே, நண்பர்களே, புராஜெக்ட்டை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்த பிறகும் அது எங்கெல்லாம் இருக்கும் என்று பாருங்கள். ஸ்க்ரிவனரின் பேக்கப் ஃபோல்டரில் ஜிப் கோப்புகளாக இருக்கும். மேகச் சேவையின் குப்பைத்தொட்டியில் இருக்கும். மேக்கில் டைம் மெஷின் வைத்திருந்தால் அந்த வெளி டிஸ்க்கில் இருக்கும். கருத்து கேட்க யாருக்கோ அனுப்பிய மின்னஞ்சலின் ‘அனுப்பியவை’ பகுதியில் இருக்கும். கைபேசியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு வேர்ட் பிரதி இருக்கும். வாட்ஸப்பில் அனுப்பியிருந்தால் பெற்றவரிடமும் இருக்கும். சமீபத்தில் திறந்தவற்றின் பட்டியலில் தலைப்பு இருக்கும், சில சமயம் தலைப்பே போதும் வீட்டில் கேள்வி எழ. ஒவ்வொன்றையும் தேடி நீக்கினால்தான் அழித்ததாக அர்த்தம்.

கணினியையே கைமாற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், அழித்த கோப்பின் மேல் வேறொன்று எழுதும்வரை அது மீட்கக்கூடிய நிலையில் இருக்கும். மீட்டெடுக்கும் இலவச மென்பொருள்கள் எல்லாக் கடையிலும் உண்டு. இப்போதைய எஸ்எஸ்டியில் அழித்தது பெரும்பாலும் சீக்கிரமே முற்றாகப் போய்விடும். அதனால் தவறி அழித்தவருக்கு அது கெடுதி, வேண்டுமென்று அழித்தவருக்கு ஓரளவு நன்மை. ஆனாலும் முழு உறுதி இல்லை. விண்டோஸில் ரீசெட் செய்யும்போது எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வையும் இயக்குங்கள். புதிய மேக் கணினிகளில் எல்லா உள்ளடக்கத்தையும் அழிக்கும் ஒரே கட்டளை அமைப்புகளிலேயே இருக்கிறது. இதைவிட நல்லது, கணினி வாங்கிய அன்றே டிஸ்க்கை மறையாக்கம் செய்துவிடுவது: மேக்கில் ஃபைல்வால்ட், விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன். மீட்புச் சாவியை மட்டும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் உங்கள் எழுத்து உங்களுக்கே கிடைக்காது.

மறைந்த ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட் முடிக்காமல் விட்ட நாவல்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை, அவர் விருப்பப்படியே 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டோர்செட்டில் நீராவி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். ரோலர் ஏறியும் அது எதிர்பார்த்த அளவு சிதையாமல், பிறகு கல் உடைக்கும் இயந்திரத்தில் போட வேண்டியிருந்தது. அதைக் கேட்டு மனம் பதறிய வாசகர்கள் உண்டு. நான் பிராட்செட்டின் முடிவை மதிக்கிறேன். எதை அழிக்க வேண்டும், எப்படி அழிக்க வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே அவர் சொல்லிவிட்டார். உங்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறீர்கள்? நீங்கள் சொல்லாவிட்டால், அழிக்க வேண்டியது மிஞ்சும், மிஞ்ச வேண்டியது பழைய இரும்புக்கடைக்குப் போகும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரு புராஜெக்ட்டை அழிக்க வேண்டும் என்று தோன்றினால் அன்றே அழிக்காதீர்கள். முதலில் வேர்ட் கோப்பாகவும் வெற்று எழுத்தாகவும் நாவலை வெளியே எடுங்கள், குறிப்புகளைத் தனியே எக்ஸ்போர்ட் செய்யுங்கள், ஸ்க்ரிவனரை மூடிவிட்டு முழு ஸ்க்ரிவ் ஃபோல்டரையும் ஒரு ஜிப் ஆக்குங்கள். இவற்றை அந்தக் கணினியில் இல்லாத ஓரிடத்தில் வையுங்கள். நம்பிக்கையான ஒருவரின் வீட்டில் இருந்தால் மிக நல்லது. பிறகு வேறொரு கணினியில் அவற்றைத் திறந்து, முதல் பக்கமும் நடுவே ஒரு பக்கமும் கடைசிப் பக்கமும் தமிழாகத் தெரிகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். மூல ஃபோல்டரை உடனே அழிக்காமல், வீட்டில் பழைய சாமானைப் பரணில் போடுவதுபோல, ‘அழிக்க இருப்பவை’ என்று ஓர் இடத்துக்கு நகர்த்தி மூன்று மாதம் விடுங்கள். அதற்குள் அதை ஒருமுறையும் தேடவில்லை என்றால் அழித்துவிடுங்கள். மேலே சொன்ன அந்தரங்கக் காரணம் உள்ளவர்கள் மட்டும் காத்திருக்க வேண்டாம். அவர்கள் எல்லா இடத்திலும் தேடி உடனே முடிக்கட்டும்.

உங்களுக்குப் பின் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று ஒரு தாளில் எழுதி, கடவுச்சொல்லோடு வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஒதுக்குங்கள். ஸ்க்ரிவனரைத் திறந்து பேக்கப் எங்கே சேர்கிறது என்று பார்த்து, அந்த ஃபோல்டரில் உள்ள மிகப் புதிய ஜிப்பைத் திறந்து, உங்கள் நாவல் முழுமையாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். அதைச் செய்யாமல் எந்தப் புராஜெக்ட்டையும் தொடாதீர்கள்.

அன்புடன்,
உங்களோடு எழுதுகிற ஒருவன்